குறுக்குக் காற்றும் இரட்டை எஞ்சின் விமானமும்

காற்றை ஏவல்கொண்டு பெருங்கடலிற் கலஞ் செலுத்தியவனின் மரபில் வந்தவன் என்று கரிகாற் சோழனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66-ஆம் பாட்டிற் பாராட்டுகின்றார். காற்றை அறிந்தவனே கலத்தை ஆளவல்லவன் என்பது முன்னோர் கண்ட உண்மை. நமது வடபுலத்துக் கடற்றொழிலாளரும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டு, கடலுக்குப் போகும் நாளையும் போகா நாளையும் அதனைக் கொண்டே வகுத்துக்கொண்டனர். இன்று வானிற் கலஞ் செலுத்தும் விமானிக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. விமானப் பயணத்தில் அவனுடைய அறிவும் பயிற்சியும் ஒருங்கே சோதிக்கப்படும் வேளைகளுள் ஒன்று, பக்கத்திலிருந்து பலத்த காற்று வீசும்போது தரையில் இறங்கும் வேளை. அதிலும் விமானம் இரண்டு எஞ்சின்களை உடையதாயின், சில வசதிகளும் சில ஆபத்துகளும் புதியனவாய்ச் சேர்கின்றன. அவை எவை, அவற்றை விமானி எவ்வாறு கையாளுகின்றான் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வவுனியாவின் ஓடுபாதை

இப்பொருளை விளக்குதற்கு நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் வவுனியாவில் ஒரு விமானத் தளம் அமைத்தனர். பியூபோர்ட், பியூபைட்டர் என்னும் இரட்டை எஞ்சின் போர் விமானங்கள் இங்கிருந்து பறந்தன. இன்று அத்தளம் இலங்கை விமானப் படையின் பொறுப்பில் உள்ளது. அதன் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 05 என்றும், மறுமுனையில் 23 என்றும் இலக்கமிடப்பட்டுள்ளன. இவ்விலக்கங்களைப் பத்தாற் பெருக்கினால், திசைகாட்டியில் ஓடுபாதை நோக்குந் திசை பாகையிற் கிடைக்கும். வடக்கைச் சுழியமாகக் கொண்டு வலஞ்சுழியாக எண்ணினால் 50 பாகை என்பது வடகிழக்கு. 230 பாகை என்பது தென்மேற்கு.

வேறு ஓடுபாதைகளையும் நோக்குக. பலாலியிலும் மத்தளையிலும் இவ்விலக்கங்களே உள்ளன. கட்டுநாயக்காவிலும் இரத்மலானையிலும் 04, 22 என்பன காணப்படுகின்றன. இவ்வொற்றுமைக்குக் காரணம் உண்டு. விமானம் காற்றை எதிர்நோக்கி இறங்கினால், அதே வான்வேகத்திலும் தரையைப் பொறுத்த வேகம் குறையும். குறைந்த தூரத்திலேயே நின்றுவிடலாம். ஆதலால் ஓடுபாதை அமைப்போர் அவ்விடத்தில் ஓங்கி வீசுங் காற்றின் திசையையே முதற்கண் நோக்குவர். வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றும், மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றும் வீசுவது இலங்கையின் இயல்பு. மேற்கூறிய ஓடுபாதைகள் இவ்விரு காற்றுகளின் வழியிலேயே நீண்டு கிடக்கின்றன.

ஆயின், காற்று எந்நாளும் பருவத்தின் சொற்கேட்டு நடப்பதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் எழும் இடிமின்னற் புயல்களில் காற்று சில நிமிடத்துக்குள் திசைமாறிவிடும். வங்கக் கடலில் தோன்றும் தாழமுக்கங்களோ மேலும் பொல்லாதவை. நமது வட அரைக்கோளத்திற் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசும். புயலின் மையம் முல்லைத்தீவுக்கு அப்பால் வடகிழக்குக் கடலில் இருக்குமாயின், வவுனியாவில் வடமேற்குக் காற்று வீசும். அஃது ஓடுபாதைக்கு ஏறத்தாழச் செங்குத்தாகும். மையம் நகர நகர அத்திசையும் மாறும். 1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2020 டிசெம்பர் 2-ஆந் தேதி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவிப் புயலையும் அறிந்தோர்க்கு இக்காற்றின் வலிமையைக் கூறவேண்டியதில்லை.

காற்றைக் கூறுபடுத்தல்

காற்று ஒரு காவி. அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் அறிந்த முறைப்படி அதனை இரு கூறுகளாகப் பிரிக்கலாம். ஓடுபாதையின் வழியே வருங் கூறு எதிர்காற்று. அதற்குச் செங்குத்தான கூறு குறுக்குக் காற்று. காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் பெறுமானத்தாற் காற்றின் வேகத்தைப் பெருக்கினாற் குறுக்குக் காற்றும், கோசைன் பெறுமானத்தாற் பெருக்கினால் எதிர்காற்றும் கிடைக்கும்.

ஓர் உதாரணங் காண்போம். விமானிகள் வேகத்தை நொட் என்னும் அலகில் அளப்பர். ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். வவுனியாவில் 270 பாகையிலிருந்து கச்சான் 25 நொட் வேகத்தில் வீசுகின்றது என்க. 23 என்னும் பாதையில் இறங்குவோர்க்கு இடைக்கோணம் 40 பாகை. எதிர்காற்று ஏறத்தாழ 19 நொட். குறுக்குக் காற்று ஏறத்தாழ 16 நொட். இனி, 340 பாகையிலிருந்து வாடை 20 நொட் வேகத்தில் வீசுகின்றது என்க. 05 என்னும் பாதையோடு அது 70 பாகைக் கோணம் ஆக்கும். குறுக்குக் காற்று ஏறத்தாழ 19 நொட். எதிர்காற்றோ 7 நொட் மட்டுமே. காற்றின் வேகம் முன்னையதிற் குறைவாயினும் இடர் மிகுதி. ஆதலால், கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றின் வேகத்தை அறிவித்ததும் விமானி அதன் திசையையும் உடன் நோக்குகின்றான். கோணம் 30 பாகையாயிற் பாதி, 45 பாகையாயிற் பத்தில் ஏழு, 60 பாகையாயிற் பத்தில் ஏறக்குறைய ஒன்பது எனக் குறுக்குக் காற்றை மனக்கணக்காகவே கண்டுகொள்வான்.

நண்டின் நடை

ஆற்றைக் கடக்குந் தோணிக்காரன் எதிர்க்கரையிலுள்ள துறைக்கு நேரே முகத்தை வைத்தால், நீரோட்டம் அவனைக் கீழே கொண்டுபோய்விடும். அவன் ஓட்டத்துக்கு எதிராகச் சற்றே முகந் திருப்பிச் செலுத்துவான். தோணியின் முகம் ஒரு பக்கம் நோக்க, அதன் பாதை துறைக்கு நேராகச் செல்லும். விமானியும் அவ்வாறே காற்று வருந் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டு வழியே பறக்கின்றான். நண்டு பக்கமாக நடப்பது போன்றமையால் ஆங்கிலேயர் இதற்கு நண்டின் பெயரையே இட்டுள்ளனர்.

இந்நிலையில் விமானத்தின் பக்கத்திற் காற்று மோதுவதில்லை. விமானம் காற்றினுள்ளே மிதப்பது; சீரான காற்றுத் தொகுதி முழுதும் நகரும்போது அதுவுங்கூட நகர்கின்றது. பயணிகள் உணரும் குலுக்கம் காற்றின் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் உண்டாவது. ஓடுபாதையை அடுத்துக் காடோ உயர்ந்த கட்டடமோ இருப்பின், அதனைத் தாண்டி வருங் காற்று சுழித்து வீசும். அக்குலுக்கம் கடைசி நூறு அடி உயரத்தில் மிகும்.

மூக்கைத் திருப்பவேண்டிய கோணம் விமானத்தின் வேகத்தையும் பொறுத்தது. 16 நொட் குறுக்குக் காற்றில் 90 நொட் வேகத்தில் இறங்கும் சிறு விமானம் ஏறத்தாழ 10 பாகை திரும்பவேண்டும். 140 நொட் வேகத்தில் இறங்கும் பெரு விமானத்துக்கு 7 பாகையளவு போதும். மெல்லச் செல்வதற்கே காற்றின் தொல்லை மிகுதி.

தரையைத் தொடுங் கணம்

விமானம் காற்றினுள் இருக்கும்வரை கோணலாகப் பறத்தல் குற்றமன்று. சக்கரங்கள் தரையைத் தொடும்போது நிலைமை முற்றாக மாறுகின்றது. சக்கரங்கள் ஒரு திசையை நோக்க, விமானத்தின் சடத்துவம் அதனை வேறொரு திசைக்கு இழுக்குமாயின், சக்கரத் தண்டுகள் பக்கவாட்டு விசைக்கு ஆளாகும். விமானம் பாதையை விட்டு விலகவுங் கூடும். எனவே தொடுவதற்கு முன் மூக்கு ஓடுபாதைக்கு நேராக வேண்டும். அவ்வாறு நேரான பின்னர் காற்று விமானத்தைப் பக்கமாக அடித்துச் செல்லவும் விடலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற இருவகை முறைகள் உள.

முதலாவது முறையில், நண்டின் நடையிலேயே தரைக்கு மிக அருகில் வந்து, இறுதிக் கணத்திற் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்குவர். அப்பொழுது காற்றுப் பக்கத்து இறக்கை முன்னோக்கி விரைந்து மேலெழ முயலும். ஆதலால், இறக்கை விளிம்பிலுள்ள ஏலரன் என்னும் அசையுந் தகட்டைக்கொண்டு அதனைத் தாழ்த்தி வைப்பர். சுக்கானை முந்தி மிதித்தாற் காற்று விமானத்தைப் பாதையின் ஓரத்துக்குத் தள்ளிவிடும். பிந்தினாற் கோணலாகவே தரை தொடும்.

இரண்டாவது முறையிற் சற்று முன்னதாகவே மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு இறங்குவர். இறக்கை சாய்ந்ததால் தூக்குவிசையின் ஒரு கூறு காற்றுக்கு எதிராக இழுத்துப் பக்கப்பெயர்ச்சியைத் தடுக்கும். எதிர்ப்பக்கத்துச் சுக்கான் மூக்கை நேராக நிறுத்தும். முதலிற் காற்றுப் பக்கத்துச் சக்கரமும், அடுத்து மற்றைச் சக்கரமும், ஈற்றில் மூக்குச் சக்கரமும் தரை தொடும். இம்முறையில் ஓர் அரிய நன்மை உண்டு. சுக்கானை முழுமையும் மிதித்த பின்னரும் மூக்கு நேராகவில்லையாயின், அன்றைய காற்று அவ்விமானத்தின் ஆற்றலுக்கு மேற்பட்டது என்பதை விமானி தரைக்கு மேலிருக்கும்போதே அறிந்துகொள்கின்றான். ஆயினும் இறக்கையின் கீழ்த் தொங்கும் எஞ்சின்களையுடைய பெரிய ஜெற் விமானங்கள் மிகச் சாய்ந்தால், எஞ்சின் தரையில் உரசும். ஆதலால் அவை பெரும்பாலும் முதல் முறையையோ இரண்டின் கலப்பையோ கைக்கொள்கின்றன.

இரு எஞ்சின்களின் நன்மையும் இடரும்

எஞ்சின்கள் இரண்டும் சமமாக இழுக்கும்வரை இரட்டை எஞ்சின் விமானம் மற்றையவற்றினின்றும் பெரிதும் வேறுபடாது. அவை நடுக்கோட்டிலிருந்து விலகி இறக்கைகளில் அமைந்திருத்தலால், ஒன்றின் வலு குறைந்ததும் மற்றையது விமானத்தைச் சுழற்றும் ஒரு திருப்பத்தை உண்டாக்கும். ஒரு முனையிற் சுமை குறைந்த காவடித் தண்டு மறுமுனைக்குச் சாய்வதுபோல, விமானத்தின் மூக்கும் நின்ற எஞ்சினின் பக்கம் திரும்பும். அதனைத் தடுப்பது சுக்கான்; சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மீது ஓடுங் காற்றின் வேகம். எனவே ஒரு குறித்த வேகத்துக்குக் கீழே, ஓர் எஞ்சின் நின்று மற்றையது முழு வலுவோடு இயங்கினால், சுக்கானால் விமானத்தை அடக்க இயலாது. சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களின் வேகமானியில் இவ்வெல்லை சிவப்புக் கோட்டாற் காட்டப்பட்டிருக்கும். ஓர் எஞ்சினோடு நன்கு மேலேறுதற்குரிய வேகத்தை நீலக் கோடு காட்டும்.

எஞ்சின் ஒன்று நின்றாற் பாதித் திறன் எஞ்சும் என்று எண்ணுதல் தவறு. விமானம் மட்டமாகப் பறப்பதற்கே பெரும் வலு செலவாகின்றது. எஞ்சிய மிகுதியே அதனை மேலேற்றுவது. ஆதலால், சிறிய விமானங்களில் ஓர் எஞ்சினை இழந்தால் ஏறுந் திறனில் ஐந்தில் நான்கு பங்கோ அதனினும் மிகுதியோ போய்விடும். பயணிகளை ஏற்றும் பெரு விமானங்களுக்கு விதி கடுமையானது. இறங்க வந்த இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சினோடு மீண்டும் மேலெழும்போது, நூறு அடி முன்செல்வதற்குள் 2.1 அடியேனும் ஏறவல்லதாதல் வேண்டும்.

இனிக் குறுக்குக் காற்றோடு இதனைச் சேர்த்து நோக்குவாம். இடது எஞ்சின் நின்ற ஒரு விமானம் இறங்க வருகின்றது. வலது எஞ்சினின் இழுப்பைச் சரிக்கட்ட விமானி வலக்காலாற் சுக்கானை மிதித்தபடி இருக்கின்றான். தரைக்கு அருகில் வலுவைக் குறைத்ததும் அவ்விழுப்பு நீங்கும். மிதித்த சுக்கான் மூக்கை வலப்பக்கம் திருப்பும். காற்று இடப்பக்கமிருந்து வீசினால், இடப்பக்கம் திரும்பியிருந்த மூக்கை நேராக்க இதுவே உதவும். அளவு மீறாமற் பார்த்துக்கொண்டாற் போதும். காற்று வலப்பக்கமிருந்து வீசினாலோ, முன்னரே வலப்பக்கம் திரும்பியிருந்த மூக்கு மேலும் வலப்பக்கமே செல்லும். வலக்காலை எடுத்து இடக்காலால் விரைந்து மிதித்தால் ஒழிய அது நேராகாது. நின்ற எஞ்சின் ஒன்றேயாயினும், காற்று வருந் திசைக்கேற்ப விமானியின் கால்கள் செய்யவேண்டிய தொழில் இவ்வாறு வேறுபடுகின்றது.

நன்மையும் ஒன்று உண்டு. தரையில் ஓடும் விமானம் காற்றாடிச் சேவல் போலக் காற்று வருந் திசைக்கு மூக்கைத் திருப்ப முயலும். காற்றுப் பக்கத்து எஞ்சினுக்குச் சற்றே வலுவைக் கூட்டினால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நேராகும். தரையில் மெதுவாக ஓடுங்கால் இதனைப் பழகிய விமானிகள் பயன்படுத்துவர். ஆயினும் இறங்கும்போது இதனையே நம்பியிருத்தல் தகாது.

தொட்ட பின்னரும் தொழில் முடிவதில்லை

ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் 1947 டிசெம்பர் 10-ஆந் தேதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தது. பறந்தது டக்கோட்டா என வழங்கிய டி.சி.3 இரட்டை எஞ்சின் விமானம். அதற்கு மூக்குச் சக்கரம் இல்லை. வாலிலேயே சிறு சக்கரம் இருந்தது. முன்னர்க் கூறிய பியூபோர்ட், பியூபைட்டர் விமானங்களும் அவ்வகையினவே. அவற்றின் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னே அமைந்தது. ஆகவே மூக்கு சிறிது விலகினும், பின்னுள்ள பாரம் அவ்விலகலைப் பெருக்கி விமானத்தை வட்டமாகச் சுழற்றிவிட முயலும். இக்காலத்துச் சென்னை - யாழ்ப்பாணப் பயணத்துக்கு வந்த ஏ.ரீ.ஆர். 72 விமானத்துக்கு மூக்குச் சக்கரம் உண்டு. ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னே உள்ளது. முன்னிருந்து இழுக்கப்படும் வண்டி தானே நேராகுமாப்போல, அதுவும் நேராக ஓட முயலும். ஒரே காற்றில் அக்காலத்து விமானிக்கு இருந்த தொல்லை இக்காலத்து விமானிக்குக் குறைந்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

எவ்வகை விமானமாயினும் சக்கரம் தொட்டவுடன் கையையும் காலையும் தளர்த்துதல் பிழை. வேகம் குறையக் குறையச் சுக்கானும் ஏலரனும் வலிமை இழக்கும். அதற்கு ஈடாக அவற்றை மேலும் மேலும் திருப்பவேண்டும். மழையால் ஓடுபாதை நனைந்திருப்பின் சக்கரங்களின் உராய்வும் குறைந்துவிடும். ஆகவே உலர்ந்த பாதையில் ஏற்கத்தக்க காற்று, நனைந்த பாதையில் ஏற்கத்தகாததாகலாம்.

இறங்காமையும் ஒரு திறன்

2024 நவெம்பர் இறுதியில் நமது வட, கிழக்கு மாகாணங்களை வெள்ளத்தில் ஆழ்த்திய தாழமுக்கம், வடக்கே நகர்ந்து பெங்கல் புயலாகி, நவெம்பர் 30-ஆந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகிற் கரையேறியது. அன்று மும்பாயிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் விமானமொன்று, பலத்த காற்றிலும் மழையிலும் ஓடுபாதையை நெருங்கி, தரைக்கு மிக அருகில் இருபுறமும் அலைந்து, இறங்காமலே மீண்டும் மேலெழுந்து சென்றது. அக்காட்சியைப் படமாகக் கண்டோர் பலரும், விமானம் விபத்திலிருந்து மயிரிழையில் தப்பியது என்றே பேசினர். உண்மை அதுவன்று. சீராக இறங்க இயலாதென்று கண்டவுடன் மேலெழுதல் விமானிகள் பலகாற் பயின்ற முறை. அன்று அம்முறையே கைக்கொள்ளப்பட்டது. உரிய காலத்தில் எடுத்த முடிவே அங்கே பயணிகளைக் காத்தது.

இம்முடிவை எடுத்தற்கு எல்லைகள் முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். விமானந் தூக்குவிசையை இழந்து விழத்தொடங்கும் வேகத்தில் ஐந்திலொரு பங்களவு குறுக்குக் காற்றிலேனும் அஃது அடங்கி இறங்கவேண்டும் என்பது, சிறு விமானங்களின் தகுதிக்கு நெடுங்காலமாக வழங்கிய ஓர் அளவு. அவ்வேகம் 70 நொட் ஆயின், 14 நொட் குறுக்குக் காற்று அதன் அளவாகும். கையேட்டிற் சோதனையாற் காட்டப்பட்ட அளவொன்றும் தரப்பட்டிருக்கும். தேர்ந்த சோதனை விமானியொருவர் அவ்வளவு காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதே அதன் பொருள். எல்லாரும் எந்நாளும் இறக்கலாம் என்பது அதன் பொருளன்று. ஆதலால் நிறுவனங்களும் விமானிகளும் தத்தம் அனுபவத்துக்கேற்ப அதனிற் குறைந்த எல்லையை வகுத்துக்கொள்வர்.

இரட்டை எஞ்சின் விமானத்தில் இம்முடிவு காலந் தாழ்த்தாது எடுக்கப்படவேண்டும். மேலெழுவதற்கு வலுவைக் கூட்டும்போது இரு எஞ்சின்களும் ஒருங்கே விரையாவிடின் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். ஓர் எஞ்சின் ஏற்கெனவே நின்றிருந்தால், சிறிய விமானத்துக்கு மீண்டும் மேலெழுதல் இயலாததாகவும் ஆகலாம். ஆகவே ஓர் எஞ்சினோடு வரும் விமானி, இன்ன உயரத்துக்குக் கீழே வந்தபின் இறங்கியே தீருவேன் என்று முன்கூட்டியே வரையறுத்து, காற்று மிகையாயின் அவ்வுயரத்துக்கு மேலிருக்கும்போதே வேறிடம் நாடுகின்றான். ஓடுபாதை ஒன்றேயுடைய இடங்களில், அத்திசைக்கு ஒவ்வாத காற்று வீசும் நாளில், வேறிடம் நாடுவதன்றி வழியில்லை. அவ்வாறு செல்லப் போதிய எரிபொருளைப் பயணிகள் விமானம் புறப்படும்போதே ஏற்றிவரும்.

பலாலியில் இறங்க வந்த விமானம் இறங்காது திரும்பிச் சென்றது என்று நாளை ஒருநாள் நாம் கேள்விப்படலாம். உறவினரை எதிர்கொள்ள வந்தோர் வாயிலிற் காத்து நின்று மனஞ் சலிப்பர். மணவீட்டுக்கோ மரணவீட்டுக்கோ உரிய நேரத்திற் செல்ல முடியாதோரும் அவ்விமானத்தில் இருப்பர். அவர்களுடைய வருத்தம் இயல்பானதே. ஆயினும் கச்சான் கடுத்த நாளில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைத்த கடற்றொழிலாளியைக் கோழை என்று நம் ஊரில் எவரும் சொன்னதில்லை. கடலறிந்தவன் என்றே சொன்னார்கள். கரையை நோக்கி வந்தும் காற்றைக் கண்டு திரும்பிய விமானியும் அச்சொல்லுக்கு உரியவனே.